டி.என்.ஏ. தடுப்பூசியுடன் சைட்டோகைன் பிளாஸ்மிட் சேர்ப்பது எப்படி? சுண்டெலி ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டி.என்.ஏ. தடுப்பூசியில் ஆன்டிஜெனின் (எதிர்ப்பாற்றல் குறிவைக்க வேண்டிய கிருமிப் புரதத்தின்) மரபணு மட்டும் இருந்தால் பல நேரங்களில் எதிர்ப்பாற்றல் போதுமான அளவு எழுவதில்லை. சுண்டெலியில் அழகாக வேலை செய்தது குரங்கிலும் மனிதரிலும் மங்கிப்போகும். அதனால் நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லப் பயன்படுத்தும் சைட்டோகைன்களின் மரபணுவை இன்னொரு பிளாஸ்மிட்டில் (வட்ட டி.என்.ஏ.வில்) வைத்து, ஆன்டிஜென் பிளாஸ்மிட்டுடன் சேர்த்தே செலுத்துகிறோம். ஊசி போட்ட இடத்துத் தசைச் செல்களே ஆன்டிஜெனையும் சைட்டோகைனையும் சில நாட்கள் தயாரித்துக்கொண்டிருக்கும்.

குளோனிங் தெரிந்த, ஆனால் சைட்டோகைன் துணையூக்கியை (தடுப்பூசிக்கான பதிலைக் கூட்டும் சேர்க்கையை) முதல்முறையாகத் தொடும் ஆய்வு மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக இன்ஃப்ளூயன்சா வைரஸின் நியூக்ளியோபுரோட்டீன் (இனி என்.பி.) ஆன்டிஜெனையும், பால்ப்-சி என்ற ஆய்வகச் சுண்டெலி இனத்தையும், ஐ.எல்-12 (இன்டர்லூகின்-12 என்ற சைட்டோகைன்) பிளாஸ்மிட்டையும் வைத்துக்கொள்கிறேன். என்.பி. டி.என்.ஏ. சுண்டெலியைக் காப்பாற்றும் என்பது 1993இலேயே காட்டப்பட்டுவிட்டது. அதனால் ஆன்டிஜென் வேலை செய்யுமா என்ற கவலை இல்லாமல், சைட்டோகைன் என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனிக்கலாம்.

1. எந்த வகை எதிர்ப்பாற்றல் வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் ஆய்வகத்தின் ஃப்ரீசரில் இருக்கும் சைட்டோகைன் பிளாஸ்மிட்டை எடுத்துக்கொண்டு தொடங்குகிறார்கள். பிறகுதான் எதை அளப்பது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும்.

என்.பி. வைரஸின் உள்ளே இருக்கும் புரதம். அதற்கு எதிரான ஆன்டிபாடி வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்காது. காப்பாற்றுவது முக்கியமாக, தொற்றிய செல்களைக் கொல்லும் சி.டி.8 டி-செல்கள். எனவே நம் இலக்கு சி.டி.8 பதில், அதற்குத் துணையாக டி.எச்-1 வகை உதவி (கொல்லும் செல்களுக்குத் துணை நிற்கும் உதவி டி-செல்கள்). ஹீமக்ளூட்டினின் போன்ற மேற்பரப்புப் புரதத்தை எடுத்திருந்தால் இலக்கு ஆன்டிபாடியாக மாறும், அதோடு சைட்டோகைன் தேர்வும் மாறும். இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2. இலக்குக்கு ஏற்ற மூலக்கூறைத் தேர்ந்தெடுங்கள்

ஐ.எல்-12: டி.எச்-1 பக்கம் சாய்க்கும், காமா இன்டர்ஃபெரானைக் கூட்டும், கொல்லும் டி-செல்களை வலுப்படுத்தும். நம் இலக்குக்கு இதுதான் முதல் தேர்வு.

ஜி.எம்.-சி.எஸ்.எஃப்.: ஆன்டிஜெனை டி-செல்லுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களை ஊசி போட்ட இடத்துக்கு வரவழைத்து முதிரச் செய்யும். ஆன்டிபாடியும் சி.டி.4 (உதவி டி-செல்) உதவியும் வேண்டுமானால் இது. 1995இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தில் ரேபிஸ் வைரஸ் டி.என்.ஏ.வுடன் இதைச் சேர்த்தபோது எதிர்ப்பாற்றல் கூடியது. அதே ஆய்வில் காமா இன்டர்ஃபெரான் பிளாஸ்மிட் அந்தப் பலனைத் தரவில்லை.

ஐ.எல்-15: நினைவு சி.டி.8 செல்கள் நீண்ட நாள் தங்க உதவும். பல மாதம் கழித்து அளக்கப் போகிறீர்கள் என்றால் கருதலாம்.

ஐ.எல்-4: டி.எச்-2 பக்கம், அதாவது ஆன்டிபாடிக்கு உதவும் பக்கம், இழுக்கும். சி.டி.8 இலக்குக்கு இது எதிர்த்திசை.

காமா இன்டர்ஃபெரானே வேண்டியதாக இருக்கும்போது அதன் மரபணுவை நேரடியாகக் கொடுத்தால் என்ன என்று பலரும் கேட்பார்கள். நம் பிளாஸ்மிட்டுகளில் பெரும்பாலும் இருக்கும் சி.எம்.வி. புரமோட்டரை (மரபணுவை இயக்கும், வைரஸிலிருந்து எடுத்த பகுதியை) காமா இன்டர்ஃபெரான் அடக்குகிறது. அதாவது சைட்டோகைன் ஆன்டிஜென் உற்பத்தியையே குறைத்துவிடும். ஐ.எல்-12 அதிகமானாலும் அதனால் பெருகும் காமா இன்டர்ஃபெரான் இதே வேலையைச் செய்யக்கூடும். டோஸ் பகுதியில் இதற்குத் திரும்புவோம்.

3. அனுமதிகள்

விலங்கு நெறிமுறைக் குழு, நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு என இரண்டு அனுமதிகளும் கையில் இருந்தால்தான் சுண்டெலியை வாங்க வேண்டும். விண்ணப்பத்தில் சைட்டோகைன் மட்டும் பெறும் குழுவையும், டோஸ் படிநிலைகளையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்க்கத் திருத்த விண்ணப்பம் போட்டால் பல வாரங்கள் போகும்.

4. பிளாஸ்மிட்டை வடிவமையுங்கள்

முதல் விதி: சைட்டோகைன் எந்த விலங்குக்கோ அந்த விலங்கின் வரிசையாக இருக்க வேண்டும். மனித ஐ.எல்-12 சுண்டெலிச் செல்லில் வேலை செய்யாது. மனித ஜி.எம்.-சி.எஸ்.எஃப்.பும் சுண்டெலி ஏற்பியில் பொருந்தாது. மனித ஐ.எல்-2 சுண்டெலியில் வேலை செய்யும் என்பதால், எல்லாமே அப்படித்தான் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. வேலை செய்தாலும்கூட அயல் விலங்கின் புரதத்துக்கு உடல் ஆன்டிபாடி உண்டாக்கும்.

இரண்டாவது, ஐ.எல்-12 இரண்டு சங்கிலிகளால் ஆனது: பி35, பி40. இவற்றைத் தனித்தனிப் பிளாஸ்மிட்டில் வைத்தால் சில செல்களில் பி40 மட்டும் அதிகமாக உருவாகும். இரண்டு பி40 சேர்ந்த ஜோடி ஏற்பியில் உட்கார்ந்து உண்மையான ஐ.எல்-12க்கு இடம் விடாது. சுண்டெலியில் இந்தத் தடை மிகத் தெளிவாகத் தெரியும். பாதுகாப்பான வழி ஒற்றைச் சங்கிலி வடிவம்: முதலில் பி40, நடுவே நெகிழ்வான இணைப்புப் பகுதி, பிறகு தன் சமிக்ஞைப் பெப்டைடு நீக்கப்பட்ட பி35. இரு பகுதிகளும் எப்போதும் சம அளவில் இருக்கும்.

மூன்றாவது, ஐ.எல்-15 எடுத்தால் அதன் இயற்கையான சமிக்ஞைப் பெப்டைடை மாற்றுங்கள். 48 அமினோ அமிலம் நீளமான அந்தப் பகுதி புரதத்தை வெளியே விடுவதில் மிக மந்தம். ஐ.எல்-2இன் சமிக்ஞைப் பெப்டைடைப் பொருத்தினால் சுரப்பு நன்றாகக் கூடும். ஐ.எல்-15இன் ஆல்ஃபா ஏற்பியையும் சேர்த்து வெளிப்படுத்தினால் இன்னும் வலுவாகச் செயல்படும்.

ஆன்டிஜென், சைட்டோகைன் இரண்டுக்கும் ஒரே அடிப்படைப் பிளாஸ்மிட்டைப் பயன்படுத்துங்கள். ஏறத்தாழ 3,000 காரஇணை நீளமுள்ள, கானமைசின் எதிர்ப்பு மரபணு கொண்ட பிவேக்ஸ்-1 இதற்கென்றே உருவானது. ஆம்பிசிலின் எதிர்ப்பு மரபணு உள்ளவற்றைத் தவிர்ப்பதற்குக் காரணம் பென்சிலின் ஒவ்வாமை பற்றிய கவலை. பின்னாளில் மனிதருக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இது முக்கியம்.

சைட்டோகைன் பிளாஸ்மிட்டைக் கட்டும்போதே அதன் ஊமை வடிவத்தையும் (புரதம் தராத வடிவத்தையும்) கட்டிவிடுங்கள். மரபணுவின் தொடக்கத்திலேயே நிறுத்தக் கோடான் வைத்தால் போதும். கட்டுப்பாட்டுக் குழுவுக்கு வெற்றுப் பிளாஸ்மிட்டைவிட இது நேர்மையான இணை.

5. எண்டோடாக்சினை நீக்குங்கள்

பிளாஸ்மிட் ஈ.கோலையில் வளர்வதால் அதன் சுவர்ப் பொருளான எண்டோடாக்சின் கூடவே வரும். அது தானே வலுவான துணையூக்கி. ஐ.எல்-12 பிளாஸ்மிட் ஒரு தயாரிப்பிலிருந்தும், கட்டுப்பாட்டுப் பிளாஸ்மிட் இன்னொரு தயாரிப்பிலிருந்தும் வந்து, முதலாவதில் எண்டோடாக்சின் அதிகம் இருந்தால், நீங்கள் அளப்பது சைட்டோகைனின் பலனே அல்ல.

எண்டோடாக்சின் நீக்கும் கிட் பயன்படுத்தி எல்லாப் பிளாஸ்மிட்டையும் ஒரே வாரத்தில், ஒரே முறையில் தயாரியுங்கள். லிமுலஸ் சோதனையில் ஒரு மைக்ரோகிராம் டி.என்.ஏ.வுக்கு 0.1 எண்டோடாக்சின் அலகுக்குக் கீழே இருக்கட்டும். 260/280 விகிதம் 1.8 முதல் 2.0. ஜெல்லில் 80 சதவீதத்துக்கு மேல் மீச்சுருள் வடிவம் தெரிய வேண்டும். கடைசியாகக் கரைப்பது சலைனிலா, பி.பி.எஸ்.ஸிலா என்பதை முடிவு செய்து எல்லாக் குழுவுக்கும் அதையே வையுங்கள்.

6. செல்லில் சோதியுங்கள்: அளவையும் செயலையும்

எச்.இ.கே.-293டி என்ற மனிதச் செல்களில் பிளாஸ்மிட்டைச் செலுத்தி 48 மணி நேரம் கழித்து மேல்திரவத்தை எடுங்கள். எலைசாவில் (ஆன்டிபாடியைக் கொண்டு புரத அளவை அறியும் சோதனையில்) சைட்டோகைன் தெரிந்ததும் பலர் நின்றுவிடுகிறார்கள். எலைசா புரதம் இருக்கிறதா என்று சொல்லும், அது வேலை செய்கிறதா என்று சொல்லாது. அதிலும் பி40ஐ அளக்கும் கிட்டை வாங்கியிருந்தால், ஏற்பியை அடைக்கும் பி40 ஜோடியும் சேர்ந்தே எண்ணப்படும். பி70, அதாவது முழு ஐ.எல்-12ஐ மட்டும் பிடிக்கும் கிட் வேண்டும்.

செயலைச் சோதிக்க, தூண்டப்பட்ட சுண்டெலி மண்ணீரல் செல்களில் அந்த மேல்திரவத்தைப் பல நீர்த்தல்களில் சேர்த்துக் காமா இன்டர்ஃபெரான் கூடுகிறதா பாருங்கள். ஐ.எல்-12ஐ முடக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்தால் அது குறைய வேண்டும். ஐ.எல்-2, ஐ.எல்-15 என்றால் சி.டி.எல்.எல்-2 என்ற சுண்டெலி டி-செல்களின் பெருக்கம் எளிய சோதனை.

இன்னொன்றையும் இங்கேயே முடியுங்கள். என்.பி. பிளாஸ்மிட்டைத் தனியாகவும், சைட்டோகைன் பிளாஸ்மிட்டுடன் கலந்தும் செலுத்தி, என்.பி. அளவை வெஸ்டர்ன் பிளாட்டில் ஒப்பிடுங்கள். இரண்டு சி.எம்.வி. புரமோட்டர்கள் ஒரே செல்லில் போட்டியிடுவதால் ஆன்டிஜென் சரியக்கூடும். சரிவு பெரிதாக இருந்தால் சுண்டெலிக்குப் போவதற்கு முன் சைட்டோகைன் பங்கைக் குறையுங்கள்.

7. குழுக்களை அமையுங்கள்

இந்தப் பகுதிக்குத் தேவையான நேரத்தைக் கொடுங்கள். சைட்டோகைன் துணையூக்கி பற்றிய முடிவுகள் பிறகு கேள்விக்குள்ளாவது பெரும்பாலும் இங்கே நடந்த பிழையால்தான்.

அடிப்படைச் சிக்கல் இது: பாக்டீரியாவில் வளர்ந்த எந்தப் பிளாஸ்மிட்டிலும் மெத்தில் ஏற்றப்படாத சி.பி.ஜி. பகுதிகள் உண்டு. டி.எல்.ஆர்-9 என்ற ஏற்பி வழியாக அவையே எதிர்ப்பாற்றலைத் தூண்டும். ஒரு குழுவுக்கு 10 மைக்ரோகிராம், இன்னொன்றுக்கு 20 மைக்ரோகிராம் டி.என்.ஏ. கொடுத்தால், கூடுதல் பதில் சைட்டோகைனால் வந்ததா, கூடுதல் டி.என்.ஏ.வால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே மொத்த டி.என்.ஏ. எல்லா ஊசியிலும் சமமாக இருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில்:

குழு அ: ஊசி போடாத சுண்டெலிகள்.
குழு ஆ: ஊமைப் பிளாஸ்மிட் 20 மைக்ரோகிராம்.
குழு இ: என்.பி. 10, ஊமைப் பிளாஸ்மிட் 10.
குழு ஈ: என்.பி. 10, ஐ.எல்-12 பிளாஸ்மிட் 10.
குழு உ: ஊமைப் பிளாஸ்மிட் 10, ஐ.எல்-12 பிளாஸ்மிட் 10.

உங்கள் முடிவு நிற்பது இ, ஈ இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டில். குழு உ வீண் செலவு என்று நினைத்து நீக்குகிறார்கள். ஐ.எல்-12 ஆன்டிஜென் இல்லாமலேயே மண்ணீரல் செல்களைக் காமா இன்டர்ஃபெரான் சுரக்கவைக்கும். எலிஸ்பாட்டில் (சைட்டோகைன் சுரக்கும் ஒவ்வொரு செல்லையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனையில்) அந்தப் பின்னணிப் புள்ளிகள் எவ்வளவு என்று குழு உ மட்டுமே காட்டும்.

பிளாஸ்மிட்டுகளின் நீளம் மிக வேறுபட்டால் எடையில் மட்டுமல்ல, மூலக்கூறு எண்ணிக்கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். எடை சமமாக இருந்தும், சிறிய பிளாஸ்மிட்டின் பிரதிகள் அதிகமாக இருக்கும்.

ஒரே பாலின, 6 முதல் 8 வார வயதுச் சுண்டெலிகளை எடுத்து, ஒவ்வொரு கூண்டிலும் எல்லாக் குழுக்களும் கலந்திருக்கும்படி சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். ஒரு கூண்டு ஒரு குழு என்று வைத்தால் கூண்டின் வேறுபாடும் சைட்டோகைனின் வேறுபாடும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். குழுவுக்கு எத்தனை சுண்டெலி என்பதைப் புள்ளியியலாளருடன் உட்கார்ந்து முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

8. டோஸ்: ஆன்டிஜெனைக் குறையுங்கள், சைட்டோகைனைப் படிப்படியாக ஏற்றுங்கள்

சுண்டெலிக்கு 100 மைக்ரோகிராம் என்.பி. டி.என்.ஏ. கொடுத்தால் பதில் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். அதன்மேல் எந்தச் சைட்டோகைனைச் சேர்த்தாலும் வித்தியாசம் தெரியாது. ‘ஐ.எல்-12க்குப் பலனில்லை’ என்று எழுதப்பட்டுவிடும். முதலில் ஆன்டிஜெனை மட்டும் 1, 3, 10, 30 மைக்ரோகிராம் என்று கொடுத்து, பதில் ஏறிக்கொண்டிருக்கும் நடுப்பகுதியைக் கண்டுபிடியுங்கள். துணையூக்கியின் பலன் அங்கேதான் தெரியும்.

சைட்டோகைனிலோ அதிகம் என்பது நல்லதல்ல. ஐ.எல்-12 அளவு மீறினால் காமா இன்டர்ஃபெரான் பெருகி, மேக்ரோஃபேஜ்கள் நைட்ரிக் ஆக்சைடு வெளியிட்டு, டி-செல் பெருக்கமே அடங்கும். ஜி.எம்.-சி.எஸ்.எஃப். அதிகமானால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மைலாய்டு செல்கள் திரளும். 1, 5, 10, 25 மைக்ரோகிராம் என்று ஒரு சிறு படிநிலையாவது செய்யுங்கள், மொத்த டி.என்.ஏ.வை ஊமைப் பிளாஸ்மிட்டால் சமன் செய்துகொண்டு. வரைபடம் மணி வடிவில் ஏறி இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரே ஒரு டோஸை மட்டும் சோதித்தவருக்குத் தான் அந்த மணியின் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே தெரியாது.

9. நேரம்

சைட்டோகைனை ஆன்டிஜெனோடு ஒரே நேரத்தில் கொடுப்பதுதான் வழக்கம். ஆனால் எல்லா மூலக்கூறுக்கும் அது சரியல்ல. எச்.ஐ.வி.யின் ஜிபி120 டி.என்.ஏ.வுடன் ஐ.எல்-2ஐ ஆன்டிபாடியின் வால் பகுதியோடு இணைத்த பிளாஸ்மிட்டைச் சோதித்த 1998ஆம் ஆண்டு ஆய்வு இதற்குச் சான்று. ஆன்டிஜெனுக்கு முன்னால் கொடுத்தபோது பதில் குறைந்தது. 2 நாள் கழித்துக் கொடுத்தபோது கூடியது.

காரணத்தை யோசித்தால் புரியும். ஐ.எல்-2 ஆன்டிஜெனைச் சந்தித்துவிட்ட டி-செல்லைப் பெருக்கும் மூலக்கூறு. சந்திக்கும் முன்பே வந்தால் அது தவறான செல்களிடம் போய்ச் சேரும். ஜி.எம்.-சி.எஸ்.எஃப்.பின் வேலை டென்ட்ரிட்டிக் செல்லை வரவழைப்பது, ஆகவே அது ஆன்டிஜெனோடோ சற்று முன்போ வருவது பொருத்தம். ஐ.எல்-12க்கு ஒரே நேரத்தில் தொடங்கி, முடிந்தால் 2 நாள் தாமதக் குழு ஒன்றைச் சேருங்கள். தாமதமாகக் கொடுப்பதானால் அதே காலின் அதே தசையில் கொடுக்க வேண்டும். சைட்டோகைன் பலன் உள்ளூர்ப் பலன், ஆன்டிஜென் போகும் அதே நிணநீர் முடிச்சை அது அடைய வேண்டும்.

10. ஊசி போடுதல்

மயக்கம் கொடுத்து, பின்காலின் முன்காலெலும்புத் தசையில் (டிபியாலிஸ் ஆன்டீரியர்) 50 மைக்ரோலிட்டருக்கு மிகாமல், இன்சுலின் ஊசியால் மெதுவாகச் செலுத்துங்கள். ஊசியை உடனே உருவாமல் சில நொடி அப்படியே வைத்திருங்கள், இல்லையென்றால் திரவம் திரும்பி வழியும். ஒரே கூண்டுக்குள் பதில்கள் சிதறிக் கிடப்பதற்கு இந்த வழிதல் பெரிய காரணம். முதலில் நிறமியை வைத்துப் பழகுங்கள்.

எலெக்ட்ரோபோரேஷன் கருவி கிடைத்தால் பயன்படுத்துங்கள். மின்துடிப்பு செல்சவ்வைச் சற்றுத் திறந்து டி.என்.ஏ.வை உள்ளே விடுவதால் புரத உற்பத்தி பல மடங்கு கூடும். மனிதரிலும் இந்தக் கூட்டணிக்குச் சான்று உண்டு: எச்.ஐ.வி. டி.என்.ஏ. தடுப்பூசியையும் ஐ.எல்-12 பிளாஸ்மிட்டையும் எலெக்ட்ரோபோரேஷனுடன் கொடுத்த எச்.வி.டி.என். 080 சோதனையில் பெரும்பாலான தன்னார்வலர்களிடம் டி-செல் பதில் தெரிந்தது. அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின.

மின்துடிப்பே தசையில் அழற்சியை உண்டாக்கும். எனவே ஆ முதல் உ வரை எல்லாக் குழுவுக்கும் அதே துடிப்பைக் கொடுங்கள்.

0ஆம் நாள் முதல் ஊசி, 21ஆம் நாள் இரண்டாவது, 35ஆம் நாள் மண்ணீரல். நினைவுப் பதில் வேண்டுமானால் ஒரு பகுதிச் சுண்டெலிகளை மேலும் இரண்டு மாதமாவது வைத்திருங்கள்.

11. அளவிடுதல்

காமா இன்டர்ஃபெரான் எலிஸ்பாட்டில் குழிக்கு 2 லட்சம் மண்ணீரல் செல்கள், மூன்று குழிகள் வீதம். தூண்டுவதற்கு என்.பி.யின் 147 முதல் 155 வரையிலான பெப்டைடு, ஏனெனில் பால்ப்-சியின் கே-டி மூலக்கூறு பிடித்துக் காட்டுவது அதைத்தான். பெப்டைடு இல்லாத குழியும், டி-செல்களைப் பொதுவாகத் தூண்டும் கான்கனாவலின்-ஏ சேர்த்த குழியும் ஒவ்வொரு சுண்டெலிக்கும் வேண்டும். பின்னணியைக் குழுவின் சராசரியிலிருந்து அல்ல, அந்தந்தச் சுண்டெலியின் சொந்தக் குழியிலிருந்து கழியுங்கள்.

ஐ.எல்-12 ஆய்வுக்கு எலிஸ்பாட் மட்டும் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு செல்லும் சுரக்கும் காமா இன்டர்ஃபெரானை ஐ.எல்-12 கூட்டுவதால், முன்பு கண்ணுக்குத் தெரியாத பலவீனமான செல்களும் இப்போது புள்ளியாகத் தெரியலாம். செல்கள் உண்மையிலேயே பெருகினவா என்பதற்கு அந்தப் பெப்டைடை அடையாளம் காணும் டி-செல்களை மட்டும் குறிக்கும் டெட்ராமர் சாயமேற்றல் தேவை. அவை கொல்கின்றனவா என்பதற்குத் தனியே கொல்திறன் சோதனை.

மண்ணீரலை எடை போட மறக்காதீர்கள். ஐ.எல்-12, ஜி.எம்.-சி.எஸ்.எஃப். இரண்டுமே மண்ணீரலைப் பெரிதாக்கும். பத்து லட்சம் செல்லுக்கு இத்தனை புள்ளி என்று மட்டும் எழுதினால், செல்கள் இரட்டிப்பான மண்ணீரலில் பதில் பாதியாகத் தெரியும். மொத்த எண்ணிக்கையையும் கணக்கிடுங்கள்.

ஆன்டிபாடியின் துணை வகைகளான ஐ.ஜி.ஜி-1க்கும் ஐ.ஜி.ஜி-2ஏவுக்கும் உள்ள விகிதம் டி.எச்-1 சாய்வைக் காட்டும். சி-57 பிளாக்-6 சுண்டெலிக்கு மாறினால் ஐ.ஜி.ஜி-2ஏ இருக்காது, அவற்றிடம் ஐ.ஜி.ஜி-2சி-தான் உண்டு. பழைய கிட்டையே பயன்படுத்தி, டி.எச்-1 பதில் வரவில்லை என்று முடிவெழுதும் பிழை இன்றும் நடக்கிறது.

புள்ளியியலில் ஓர் அலகு என்பது ஒரு சுண்டெலி, ஒரு குழி அல்ல. புள்ளிகளை எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது.

12. நச்சுத்தன்மையைக் கூடவே பாருங்கள்

1990களில் ஐ.எல்-12 புரதத்தைச் சிறுநீரகப் புற்றுநோயாளிகளுக்கு இரத்தக் குழாய் வழியாகக் கொடுத்த ஒரு சோதனையில், 17 பேரில் 12 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், இருவர் இறந்தனர். சைட்டோகைன்கள் எவ்வளவு வீரியமானவை என்பதற்கு இது போதும். பிளாஸ்மிட் வழியில் குறைந்த அளவு, தசைக்குள்ளேயே உருவாகும் என்பதுதான் நம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அளந்து காட்டுவது உங்கள் பொறுப்பு.

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 1, 3, 7ஆம் நாட்களில் சில துளி இரத்தம் எடுத்து, சீரத்தில் ஐ.எல்-12, காமா இன்டர்ஃபெரான் அளவைப் பாருங்கள். உடல் எடையை வாரம் இருமுறை குறியுங்கள். கடைசி நாளில் ஊசித் தசையையும் கல்லீரலையும் திசு ஆய்வுக்கு எடுத்து வையுங்கள்.

சீரத்தில் அந்தச் சைட்டோகைனுக்கே எதிரான ஆன்டிபாடி உண்டா என்றும் சோதியுங்கள். தன் உடலின் மூலக்கூறுக்கு எதிராக ஆன்டிபாடி எழுந்தால் விளைவு தடுப்பூசியோடு நிற்காது. மனிதரில் ஜி.எம்.-சி.எஸ்.எஃப்.புக்கு எதிரான தன்-ஆன்டிபாடி நுரையீரல் காற்றறைகளில் புரதம் தேங்கும் நோயை உண்டாக்குகிறது. ஊசிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன் இந்தச் சோதனையின் முடிவு வந்திருக்க வேண்டும்.

குரங்குக்குப் போவதானால் நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்: சைட்டோகைன் வரிசையை அந்தக் குரங்கினத்தின் வரிசையோடு ஒப்பிட்டு, அதற்கேற்ற மரபணுவைக் கட்டி, அந்த விலங்கின் செல்லிலேயே செயலைச் சோதித்த பிறகு டோஸைப் பற்றிப் பேசலாம்.